இரண்டு நிலை கேஸ் பர்னர்: திருகைத் தொடுவதற்கு முன்

பாய்லர் அறைக்குள் போனதும் பார்வைத் துளையில் கண்ணை வைத்து, "தீ நல்லா நீலமா நிக்குது, செட்டிங் சரியாத்தான் இருக்கு" என்று தீர்ப்பு சொல்பவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள். இதே வரிசையில் இன்னும் சில தீர்ப்புகள் உண்டு. சூடு ஏறவில்லையா, கேஸைக் கொஞ்சம் கூட்டு. காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு. ட்ரிப் ஆகிறதா, ரீசெட்டை அழுத்து. பிடிக்கும் வரை அழுத்து. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் இவை இத்தனை நாள் உலவுகின்றன.

இந்தக் கட்டுரை பர்னரைப் புதிதாக அறிய வருபவருக்கானது: பாய்லரை இயக்குபவர், பராமரிப்புக்குப் பொறுப்பானவர், தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பவர். படித்து முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்புவதற்காக எழுதவில்லை. பர்னரை முதன்முதலில் இயக்கி அமைக்கும் வேலைக்கு கமிஷனிங் என்று பெயர். அதற்கு உரிய தகுதியும், அளவுக் கருவிகளும், அந்த மாடலின் கையேடும் கையில் உள்ளவர்தான் அதைச் செய்ய வேண்டும். அவர் என்ன செய்கிறார், ஏன் அந்த வரிசையில் செய்கிறார் என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் புரிய வேண்டும்.

## குடம் நிறையும்போது குழாயைக் குறைப்பது ஏன்

காலிக் குடத்தைக் குழாயடியில் வைத்தால் முதலில் முழுக்கத் திறப்போம். விளிம்பை நெருங்கும்போது பாதியாகக் குறைப்போம். கடைசி வரை முழு வேகத்தில் விட்டுச் சட்டென்று மூடினால் ஒன்று வழியும், இல்லாவிட்டால் குறையும்.

ஒரே நிலை பர்னர் அப்படிப்பட்ட குழாய்தான். எரிந்தால் முழுத்தீ, இல்லையென்றால் அணைவு. பாய்லரிலிருந்து எடுக்கும் வெப்பம் குறைவாக உள்ள நேரத்தில் அது அடிக்கடி அணைந்து அடிக்கடி எரியும். ஒவ்வொரு முறை பற்றவைப்பதற்கு முன்பும் ஃபேன் குளிர்ந்த காற்றை எரிப்பறை வழியாகத் தள்ள வேண்டும். அந்தக் காற்று பாய்லரின் சூட்டைப் புகைபோக்கி வழியாக வெளியே கொண்டுபோகிறது. உலோகமும் சூடேறி, குளிர்ந்து, மறுபடி சூடேறி களைத்துப் போகிறது.

இரண்டு நிலை பர்னரில் சிறிய தீ ஒன்று, பெரிய தீ ஒன்று. சிறியதற்கு லோ ஃபயர், பெரியதற்கு ஹை ஃபயர் என்று பெயர். லோ ஃபயர் பெரும்பாலும் பாதித் திறனை ஒட்டி இருக்கும். சரியான எண்ணை பர்னரும் பாய்லரும் சேர்ந்து முடிவு செய்யும். 7 பார் அழுத்தத்தில் நீராவி வேண்டிய பாய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் 6.5 பாருக்குக் கீழே இறங்கினால் ஹை ஃபயர். 7 தொட்டதும் லோ ஃபயர். லோ ஃபயரிலேயே 7.5 வரை ஏறிவிட்டால் பர்னர் நிற்கும். இதற்கும் மேலே கையால் விடுவிக்க வேண்டிய ஓர் எல்லை ஸ்விட்ச், அதற்கும் மேலே நீராவியை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு.

இரண்டு நிலை என்றால் இரண்டு பர்னர் என்று நினைப்பவர்கள் உண்டு. பர்னர் ஒன்றுதான், ஃபேனும் ஒன்றுதான்; நிற்கும் இடங்கள்தான் இரண்டு. இடையில் எந்த அளவிலும் நிற்கக்கூடியது மாடுலேட்டிங் பர்னர். அது வேறு வகை, இங்கே அதற்குள் போகவில்லை.

## அடுப்பு தானே செய்வதை பர்னர் தானே செய்யாது

சமையல் அடுப்பின் திருகைக் குறைத்தால் தீ குறைகிறது, ஆனாலும் நீலமாகவே இருக்கிறது. நாம் காற்றைத் தொடவே இல்லை. காரணம், கேஸ் ஒரு சிறு துளை வழியே வேகமாகப் பாயும்போது பக்கத்திலுள்ள காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. கேஸ் குறைந்தால் இழுக்கப்படும் காற்றும் குறைகிறது. இரண்டும் தாமாகவே சேர்ந்து போகின்றன.

பாய்லர் பர்னரில் இந்த வசதி கிடையாது. காற்றை ஃபேன் தள்ளுகிறது. அது வரும் வழியில் டேம்பர் என்ற மடல் திறந்தும் மூடியும் அளவைத் தீர்மானிக்கிறது. கேஸ் வேறொரு குழாயில், வேறு வால்வுகள் வழியாக வருகிறது. டேம்பரைத் திறந்தால் கேஸ் தானாகக் கூடாது. கேஸைக் கூட்டினால் காற்று தானாக வராது. (காற்றின் அழுத்தத்தைப் பார்த்துக் கேஸை அதற்கேற்ப விடும் விகித வால்வு உள்ள பர்னர்களும் உண்டு. அவற்றிலும் அந்த விகிதத்தை யாராவது அமைத்துத்தான் ஆக வேண்டும்.)

ஆகவே இரண்டு நிலை பர்னரில் இருப்பது ஒரு செட்டிங் இல்லை. லோ ஃபயருக்கு ஒரு காற்று, ஒரு கேஸ்; ஹை ஃபயருக்கு ஒரு காற்று, ஒரு கேஸ். நான்கு அளவுகள், இரண்டு ஜோடிகள். "கேஸைக் கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான்" என்று ஒருவர் சொன்னால், அவர் ஒரு ஜோடியைப் பிரித்துவிட்டார் என்று பொருள். கேஸ் ரெகுலேட்டரைத் திருப்பியிருந்தால் பெரும்பாலும் இரண்டு ஜோடியையுமே பிரித்திருப்பார். ஏனென்றால் இரண்டு நிலைகளுக்கும் கேஸ் அதே ரெகுலேட்டர் வழியாகத்தான் வருகிறது.

## எவ்வளவு காற்று போதும்

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுதாக எரிய 2 கன மீட்டர் ஆக்ஸிஜன் வேண்டும். காற்றில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் சுமார் 9.5 கன மீட்டர் காற்று தேவை. அதற்குக் குறைந்தால் கார்பன் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடாக நின்றுவிடும். நிறமும் மணமும் இல்லாத நச்சு அது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும்.

கணக்குப்படி தேவையான காற்றை மட்டும் கொடுத்தாலும் போதாது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கேஸின் ஒவ்வொரு துணுக்கும் தனக்குரிய ஆக்ஸிஜனைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம். இதுதான் உபரிக் காற்று. எரிப்பில் செலவாகாத ஆக்ஸிஜன் புகையோடு வெளியே வருகிறது. புகைபோக்கியில் குழல் விட்டு அதை அளக்கும் கருவிக்கு ஃப்ளூ கேஸ் அனலைசர் என்று பெயர். அது 3 சதவீதம் ஆக்ஸிஜன் காட்டினால் உபரிக் காற்று ஏறக்குறைய 15 முதல் 17 சதவீதம். 7 சதவீதம் காட்டினால், தேவைக்கு மேல் கிட்டத்தட்ட பாதிப் பங்கு காற்றை வீணாகச் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வீணுக்கும் கணக்கு உண்டு. அறையின் வெப்பத்தைவிடப் புகை 160 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 சதவீத ஆக்ஸிஜனில் புகையோடு போகும் வெப்பம் எரிபொருளில் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். 7 சதவீத ஆக்ஸிஜனில் அது 9 சதவீதம்.

நட்டம் செலவோடு நின்றால் "காற்று அதிகமென்றால் பாதுகாப்பு" என்பவரை ஒரு வகையில் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் காற்று அளவு மீறினால் தீ குளிர்ந்துபோகும். எரிப்பு பாதியில் அறுந்து மறுபடி கார்பன் மோனாக்ஸைடு தலைகாட்டும். இன்னும் கூட்டினால் தீ பர்னர் முகத்தைவிட்டு எழும்பி அணையும். காற்றைக் கூட்டிக்கொண்டே போகும்போது கார்பன் மோனாக்ஸைடை வரைந்து பார்த்தால் அகலமான கிண்ணம் போல வரும். இடது விளிம்பு காற்றுப் பற்றாக்குறை, வலது விளிம்பு காற்று மிகுதி. இடது விளிம்பு செங்குத்தானது: அரை சதவீத ஆக்ஸிஜன் வித்தியாசத்தில் அளவு பல மடங்கு தாவும். கமிஷனிங் செய்பவர் கிண்ணத்தின் அடியில், அந்தச் செங்குத்தான விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, நிற்க இடம் தேடுகிறார். தூசி, குளிர், வெயில், கேஸின் தரமாற்றம் எல்லாம் வருடம் முழுதும் பர்னரை அங்குமிங்கும் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு இடம் விட்டாக வேண்டும்.

இயற்கை எரிவாயுவில் பொதுவான இலக்கு ஹை ஃபயரில் 3 முதல் 4 சதவீத ஆக்ஸிஜன், லோ ஃபயரில் அதைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதல். சிறிய தீயில் காற்றின் வேகம் குறைவு, கலப்பும் மந்தம் என்பதால் அந்தக் கூடுதல். முடிவான எண்ணுக்குக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்ஸைடை பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, அளக்கிறோம். நன்றாக அமைந்த பர்னரில் அது சில பத்துகளுக்குள் இருக்கும். 100-ஐ நெருங்கினாலே நான் நிறுத்திக் காரணம் தேடுவேன்.

இனி அந்த நீலத் தீ. மஞ்சள் என்பது தீக்குள் சூடேறி ஒளிரும் கரித்துகள். மஞ்சள் தெரிந்தால் ஏதோ கோளாறு என்பது பெரும்பாலும் சரி. நீலமாக இருந்தால் எல்லாம் சரி என்பது மட்டும் சரியில்லை. 30 பிபிஎம் தீயும் நீலம். அதைவிடப் பல மடங்கு நஞ்சு உமிழும் தீயும் நீலமாகவே இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே: ஒவ்வொரு நிலையும் ஒரு காற்று-கேஸ் ஜோடி. அந்த ஜோடி பொருந்துகிறதா என்று சொல்வது ஆக்ஸிஜன், கார்பன் மோனாக்ஸைடு ஆகிய இரண்டு எண்கள். தீயின் நிறத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது.

## கேஸுக்கு முன்னே நிற்கும் காவலர்கள்

கேஸ் குழாயிலிருந்து பர்னர் வரை வரிசையாக நிற்கும் உறுப்புகளுக்கு மொத்தமாக கேஸ் ட்ரெயின் என்று பெயர். முதலில் கையால் மூடும் வால்வு, பிறகு ஃபில்டர், அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர், அழுத்தம் குறைந்தால் நிறுத்தும் ஸ்விட்ச், அடுத்தடுத்து இரண்டு பாதுகாப்பு வால்வுகள், இரண்டாம் நிலைக்கான வால்வு. மாடலுக்கு மாடல் வரிசை கொஞ்சம் மாறும். இரண்டு மூன்று வேலைகளை ஒரே உடலில் அடக்கியவையும் உண்டு.

பாதுகாப்பு வால்வு ஏன் இரண்டு? ஒன்றின் இருக்கையில் தூசி சிக்கி முழுதாக மூடாவிட்டால் மற்றொன்று காக்கும். இரண்டுமே மின்சாரம் நின்றால் ஸ்பிரிங்கால் மூடிக்கொள்பவை. பெரிய பர்னர்களில் ஒவ்வொரு தொடக்கத்துக்கு முன்போ நிறுத்தத்துக்குப் பின்போ, இரண்டு வால்வுக்கும் இடையிலுள்ள அழுத்தத்தைப் பார்த்து எது கசிகிறது என்று தானே சோதிக்கும் அமைப்பும் இருக்கும்.

இவை எல்லாவற்றையும் ஆட்டுவிப்பது கன்ட்ரோல் பாக்ஸ். அதன் ஒழுங்கு மாறவே மாறாது. முதலில் ஃபேன் ஓடும்; டேம்பர் அகலத் திறக்கும்; எரிப்பறையில் மிச்சமிருக்கும் கேஸை வெளியே தள்ளும். இதற்கு பர்ஜ் என்று பெயர். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறியே போதும். பர்ஜ் இல்லாமல் பற்றவைப்பது, நேற்றைய கசிவுக்கு இன்று தீ வைப்பது. பிறகு டேம்பர் லோ ஃபயர் அளவுக்கு இறங்கும், பொறி அடிக்கும், கேஸ் வால்வு திறக்கும். சில நொடிகளுக்குள், பல பர்னர்களில் 3 நொடிக்குள், தீ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வால்வுகள் மூடி, யாராவது வந்து பார்க்கும் வரை பர்னர் எழுந்திருக்காது. இந்த நிலைதான் லாக்அவுட்.

தீ இருப்பதைக் கன்ட்ரோல் பாக்ஸ் எப்படி அறிகிறது? தீக்குள் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருப்பதால் தீ வழியே மின்சாரம் பாயும். தீக்குள் நீட்டிய ஒரு கம்பிக்கும் பர்னர் உடலுக்கும் இடையே மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால், தீ ஒரு பக்கமாகவே அதிகம் கடத்தி அதை ஒருதிசை மின்னோட்டமாக்கிவிடும். வெறும் ஷார்ட் சர்க்யூட்டால் அப்படிச் செய்ய முடியாது என்பதால் கருவி ஏமாறாது. இந்த மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்குதான். எர்த்திங் சரியில்லாத இடத்தில் நல்ல தீயையே பர்னர் கண்டுகொள்ளாமல் போவது இதனால்தான். புறஊதா ஒளியைப் பார்க்கும் கண் வைத்த பர்னர்களும் உண்டு.

ரீசெட் விஷயத்துக்கு இப்போது பதில் கிடைக்கிறது. லாக்அவுட் என்பது காவலர் தன் வேலையைச் செய்த தருணம். ஒருமுறை ரீசெட் செய்து பார்க்கலாம் என்பது பொதுவான வழக்கம். மறுபடி லாக்அவுட்டில் விழுந்தால் கையை எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். பற்றாத ஒவ்வொரு முயற்சியும் கொஞ்சம் கேஸை உள்ளே விடுகிறது. பர்ஜ் அதை வெளியேற்றும்தான். ஆனால் கோளாறே பர்ஜிலோ வால்விலோ இருந்தால்?

## தீ இல்லாத அரை நாள்

நல்ல கமிஷனிங்கில் பாதி நேரம் தீயே இருக்காது. பெயர்ப் பலகையில் எந்த கேஸ் என்று போட்டிருக்கிறது, வந்திருப்பது எது என்று பார்ப்பார்கள். ஒரு கன மீட்டர் புரொப்பேனில் இயற்கை எரிவாயுவைப் போல சுமார் இரண்டரை மடங்கு வெப்பம் இருக்கிறது. தவிர அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். பாய்லரில் தண்ணீர் இருக்கிறதா, தண்ணீர் குறைந்தால் நிறுத்தும் கருவி இயங்குகிறதா, புகைபோக்கி திறந்திருக்கிறதா, அறைக்குள் காற்று வரும் திறப்பு போதுமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கேஸ் இணைப்புகளை அழுத்தம் கொடுத்தும் கசிவு காட்டும் திரவம் பூசியும் சோதிப்பார்கள்.

பிறகு கேஸ் மூடிய நிலையில் ஓர் ஒத்திகை. கேஸ் அழுத்தம் இல்லையென்றால் பர்னர் தொடங்க மறுக்க வேண்டும். அதுவே முதல் தேர்வு. அதன் பின் கையேடு சொல்லும் முறையில் வரிசையை ஓடவிட்டு, பர்ஜ் நேரம், டேம்பரின் அசைவு, பொறி, கடைசியில் தீ காணாமல் வரும் லாக்அவுட் எல்லாம் அந்தந்த இடத்தில் வருகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒத்திகைக்காகத் தற்காலிகமாக ஒரு வயரை இணைத்திருந்தால் அதை எடுத்துவிட்டதாக எழுதி வைப்பது கட்டாயம். மறந்துபோன ஒரு துண்டு வயர், காவலரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவதற்குச் சமம்.

## தீயை அமைக்கும் வரிசை

அனலைசரை முதலில் வெளிக்காற்றில் ஓடவிட்டு 20.9 சதவீதம் காட்டுகிறதா என்று உறுதி செய்கிறார்கள். குழலில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து ஆக்ஸிஜன் கூடுதலாகத் தெரியும். அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் உண்மையில் தீ மூச்சுத் திணறும். பாய்லர் கதவின் பேக்கிங் கிழிந்து காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் இதே ஏமாற்றம்தான்.

முதலில் லோ ஃபயரில் பற்றவைத்து, தீ நிலையாக நிற்கும் அளவுக்குத் தோராயமாகச் சரிசெய்கிறார்கள். நுணுக்கத்துக்கு இப்போது அவசரமில்லை. அடுத்து ஹை ஃபயருக்குப் போய் அதை முழுதாக முடிக்கிறார்கள். ரெகுலேட்டரைத் தொட வேண்டியது இங்கேதான். அதைத் தொட்டால் லோ ஃபயரும் ஆடும் என்பதால், லோ ஃபயரை நேர்த்தியாக்குவது கடைசியில்.

ஹை ஃபயரில் எவ்வளவு கேஸ்? பாய்லர் தாங்கும் அளவுக்கு மேல் ஒருபோதும் கூடாது. அதை மீட்டரும் கடிகாரமும் சொல்லும். எரிப்புத் திறன் 500 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் கேஸில் சுமார் 10 கிலோவாட்-மணி வெப்பம் இருந்தால் மணிக்கு 50 கன மீட்டர் வேண்டும். ஒரு கன மீட்டர் ஓட 72 நொடி. மீட்டரில் உள்ள கேஸ் அழுத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 மில்லிபார் அழுத்தத்தில் ஓடும் மீட்டரில் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 10 சதவீதம் கூடுதல் கேஸ் அடங்கியிருக்கும். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டு, பாய்லரை அதன் தகுதிக்கு மேல் எரிப்பது சகஜமான தவறு.

திருகைத் திருப்பும் கைக்கு ஒரே விதி: ஏற்றும்போது முதலில் காற்று, பிறகு கேஸ். இறக்கும்போது முதலில் கேஸ், பிறகு காற்று. எந்த நொடியிலும் தீ காற்றுப் பற்றாக்குறைப் பக்கம் சாயாமல் இருக்க இதுதான் வழி. ஒவ்வொரு முறையும் சிறிதாகத் திருப்பி, அனலைசர் எண் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். குழலில் புகை வந்து சேரவே நேரமெடுக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் ஒரு திருப்புக்கான பதிலை அடுத்த திருப்புக்கான பதிலாக எடுத்துக்கொண்டு குழம்புவார்.

லோ ஃபயருக்கு வரும்போது புதியவர்களை ஏமாற்றும் கணக்கு ஒன்று காத்திருக்கிறது. பர்னர் தலையில் ஹை ஃபயர் அழுத்தம் 8 மில்லிபார் என்றால் பாதித் திறனுக்கு 4 என்றுதான் தோன்றும். ஆனால் துளை வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. பாதி கேஸுக்குக் கால் பங்கு அழுத்தம், அதாவது 2 மில்லிபார் போதும். 4 வைத்தால் கிடைப்பது பாதி இல்லை, 70 சதவீதம்.

லோ ஃபயரை முடிந்தவரை இறக்கினால் மிச்சம் என்று நினைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. இயற்கை எரிவாயுவின் புகையில் நிறைய நீராவி உண்டு. 55 டிகிரியை ஒட்டி அது தண்ணீராக மாறத் தொடங்கும். அதற்கென்று வடிவமைக்கப்படாத பாய்லரிலும் புகைபோக்கியிலும் அந்த அமிலத் தண்ணீர் உலோகத்தை அரித்துவிடும். பாய்லர் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது.

## இரண்டுக்கும் நடுவே உள்ள சில நொடிகள்

இரண்டு நிலையும் தனித்தனியே அழகாக எரிந்தும், மாறும்போது பர்னர் உறுமும், சில நேரம் விழுந்துவிடும். பழுது பார்க்க வருபவர்கள் பலர் கோட்டைவிடும் இடம் இது.

டேம்பரை ஒரு சிறு சர்வோ மோட்டார் திருப்புகிறது. அதன் அச்சில் கேம் எனப்படும் சில வில்லைகள் இருக்கும். பல மாடல்களில் ஒன்று மூடிய நிலைக்கு, ஒன்று லோ ஃபயருக்கு, ஒன்று ஹை ஃபயருக்கு. நான்காவது வில்லைதான் சூட்சுமம்: டேம்பர் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது எந்தப் புள்ளியில் இரண்டாம் நிலை கேஸ் வால்வு திறக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சீக்கிரம் திறந்தால் காற்று வந்து சேர்வதற்குள் கேஸ் வந்துவிடும்; உறுமல், கரி, கார்பன் மோனாக்ஸைடு. தாமதமானால் சிறிய தீயின் மேல் பெரிய காற்று வீசி அதை ஊதி அணைத்துவிடும். இறங்கும்போது கேஸ் வால்வு முதலில் மூட வேண்டும், டேம்பர் பின்னால் வர வேண்டும். மேலே கைக்குச் சொன்ன அதே விதி, இங்கே எந்திரத்துக்கு.

## காவலர்களுக்குத் தேர்வு

தீ அமைந்த பிறகே அழுத்த ஸ்விட்சுகளை அமைக்க முடியும். காற்று அழுத்த ஸ்விட்சைப் பல கையேடுகள் லோ ஃபயரில் அமைக்கச் சொல்கின்றன. மெல்ல ஏற்றிக்கொண்டே போய், பர்னர் விழும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சுமார் 20 சதவீதம் இறக்கி நிறுத்துவார்கள். காற்று கொஞ்சம் குறைந்தாலே நிறுத்த வேண்டும். சும்மா ஓடும்போது தொல்லை தரவும் கூடாது. குறைந்தபட்ச கேஸ் அழுத்த ஸ்விட்சை ஹை ஃபயரில் அமைப்பார்கள், ஏனென்றால் குழாயில் கேஸ் அதிகம் ஓடும்போதுதான் அழுத்தம் அதிகம் சரியும். "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று இந்த ஸ்விட்சுகளை அடிமட்டத்துக்குத் திருப்பி வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புகார் நின்றுவிடும், காவலும் நின்றுவிடும்.

பிறகு ஓடும் பர்னரில் கைவால்வை மூடித் தீயை அணைத்துப் பார்ப்பார்கள்; கன்ட்ரோல் பாக்ஸ் ஒரு நொடி அளவில் வால்வுகளை மூட வேண்டும். தண்ணீர் மட்டம், வெப்பம், அழுத்தம் ஆகிய எல்லைகளையும் உண்மையாகவே நிறுத்தவைத்துச் சோதிப்பார்கள். அளவெடுத்த துளைகளைத் திரும்ப மூடி, அங்கே கசிவில்லை என்று மீண்டும் பார்ப்பதும் இதில் சேர்த்தி.

## அந்த ஒரு தாள்

கடைசியில் எல்லா எண்களும் ஒரு தாளில் ஏறும்: இரண்டு நிலையிலும் ஆக்ஸிஜன், கார்பன் மோனாக்ஸைடு, புகையின் வெப்பம், கேஸ் அழுத்தம், மீட்டர் நேரம், தீயின் மின்னோட்டம், ஸ்விட்ச் அளவுகள், கேம்களின் கோணங்கள். சரிசெய்த திருகுகளில் பெயின்ட் அடையாளமும் வைப்பார்கள்.

ஒருமுறை நான் பார்த்த பர்னரில் லோ ஃபயர் எண்கள் பழைய தாளோடு அச்சாகப் பொருந்தின. ஹை ஃபயரில் மட்டும் ஆக்ஸிஜன் 3.5-லிருந்து 1.5-க்கு இறங்கியிருந்தது; கார்பன் மோனாக்ஸைடு ஏறியிருந்தது. திருகுகளின் அடையாளம் நகரவில்லை. டேம்பரைத் திறந்து சரிசெய்துவிட்டுப் போக இரண்டு நிமிடம் போதும். ஆனால் அடையாளம் நகராதபோது எண் ஏன் நகர்ந்தது? அறைக் கதவைத் திறந்து வைத்ததும் ஆக்ஸிஜன் 3.5-க்குத் திரும்பியது. உள்ளே தூசி வருகிறதென்று காற்றுத் திறப்பின் முக்கால்வாசியை யாரோ அட்டையால் அடைத்திருந்தார்கள். லோ ஃபயருக்கு மிச்சமிருந்த கால்வாசி போதுமாக இருந்தது. ஹை ஃபயருக்குப் போதவில்லை. அட்டையை எடுத்தோம், கதவை மூடினோம், ஹை ஃபயரில் பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளந்தோம். அன்று எந்தத் திருகையும் தொடவில்லை.